கனம்

களியக்காவிளை பஸ் நிலையத்தை ஒட்டிய சிப்ஸ் கடையில்
எண்ணெய்க்கு முன்னால் நிற்பவள் நான்.
கையில் பதினோராயிரத்து நானூறு,
இரண்டு வருஷச் சீட்டு.
வளையல் எடுக்கப்போவதாக
வீட்டில் சொல்லி வைத்திருந்தேன்.

ரெஜூ பகலில் டயர் கழற்றுவான், ராத்திரி டிரம்.
"ஹம்பக்கர் உள்ளதாப் பாத்து எடு, அனிஷ்மா.
சிங்கிள் காயில் எடுத்தா
ஒங் கடை டியூப்லைட்டும் சேந்து பாடும்."
அவ்வளவுதான் சொன்னான்.
நட்டு முறுக்குகிறவனுக்கு அவ்வளவுதான் நேரம்.

முதல் கிட்டார் திருவனந்தபுரத்தில்.
சிவப்பு. இரண்டு கொம்பு.
கண்ணாடியில் பார்த்தேன்,
போட்டியில் ஜெயித்த கிடாயைத்
தூக்கிப் பிடித்தவள் போல இருந்தேன்.
கையை எடுத்ததும்
கழுத்து தரையைப் பார்த்துச் சாய்ந்தது.
ஃப்ரெட் ஓரங்கள் தோலைச் சீவின,
சீவுவதுதான் எனக்குப் பகல் முழுக்க இருக்கிறதே.
"மெட்டலுக்கு இதாக்கும் லுக்" என்றார் கடைக்காரர்.
லுக்கை எந்த ஓட்டையில் சொருகினால்
சத்தம் வரும் என்று கேட்கவில்லை.
"விரல் நுனி காய்க்கணும், ஆறு மாசமாகும்" என்றார்.
நுனிகளைக் காட்டினேன்.
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

அதே கடையில் இரண்டாவது:
மிதக்கிற பிரிட்ஜ், பளபளவென்று ஸ்பிரிங்.
தடித்த கம்பியை டி-க்கு இறக்கினேன்.
மற்ற ஐந்தும் முறுக்கிக்கொண்டன.
ஒன்றைச் சமாதானம் செய்தால் அடுத்தது கோபித்தது.
சொத்துப் பிரிக்கிற வீட்டில்
முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு
எழுந்து வந்தேன்.

மூன்றாவது, பாறசாலை.
ரயில்வே கேட் தாண்டி வில்பிரட் அண்ணன் வீடு.
சபையில் பதினெட்டு வருஷம் வாசித்தவர்,
தோள் போனதால் கீபோர்டுக்கு மாறியிருந்தார்.
கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தார்:
தவிட்டு நிறம்,
கம்பியெல்லாம் துரு,
நடுவில் ஒரு புறா ஸ்டிக்கர், ஒற்றைச் சிறகோடு.
"கனம் உண்டு, கேட்டியா."

வாங்கினேன். உண்டு.
அசையாத பிரிட்ஜ். இரண்டு ஹம்பக்கர்.
கழுத்தை ஒரு கண் மூடிப் பார்த்தேன்,
எண்ணெய்ச் சட்டத்தில் வைத்து அறுத்த மாதிரி நேர்.
ஆம்பில் செருகினார்.
வாசிக்காதபோது அது
வாயை மூடிக்கொண்டு இருந்தது.
இந்தக் குணம் எனக்கு யாரிடமும் கிடைத்ததில்லை.

"எதுக்கு வாசிக்கப் போற?"
"ஹெவி மெட்டல்."
சுவரில் மாட்டியிருந்த வசனத்தைப் பார்த்தார்.
"அது மத்தவனுக்குள்ளதுன்னு சொல்லுதாவளே?"
"கடை சாத்தின பொறவு, எனக்குள்ளது."
சிரித்தாரா, இருமினாரா தெரியவில்லை.
ஏழாயிரம் ஆறாயிரத்து ஐந்நூறானது.
புறாவைப் பிய்க்கக் கூடாது, அது மட்டும் ஒப்பந்தம்.

பழைய டிஸ்டார்ஷன் பெடல் இரண்டாயிரத்து நானூறு.
கேபிள் முந்நூற்றைம்பது.
தடித்த கம்பி ஒரு செட் எழுநூறு.
ஆம்புக்கு மிச்சமில்லை.
வீட்டுக்குக் காட்ட இரண்டு கவரிங் வளையல்,
பொய்க்கும் விலை உண்டு, நூற்றெண்பது.

பத்தரைக்கு ஷட்டர் இறங்கியது.
பாத்திர சோப்பால் மூன்று தடவை கை கழுவினேன்,
அப்படியும் தேங்காயெண்ணெய் வாசம்.
'சூடான நேந்திரன், சூடான நேந்திரன்' என்று
நாளெல்லாம் கூவும் பெட்டியில்
கேபிளைச் செருகி
தடித்த கம்பியை டி-க்கு இறக்கினேன்.
மற்ற ஐந்தும் அசையவில்லை.

ஒரே அடி.

காலி டின்கள் அதிர்ந்தன. எதிர்பார்த்ததுதான்.
ஆணியில் தொங்கிய பெரிய உருளி
அதே ஸ்வரத்தில் முனகத் தொடங்கியது,
மூன்று வருஷமாக நான் தேய்க்கிற உருளி.
உள்ளங்கையால் கம்பியை அமர்த்தினேன்.
கிட்டார் உடனே அடங்கியது.

உருளி அடங்கவில்லை.